நான்கு பற்றறிகளும் ஒரு தூரக் கிரகமும்

நமது ஊர்களின் வரலாற்றை எழுதியவர்கள் கோயில்களையும் பள்ளிவாசல்களையும் எழுதினார்கள். பாடசாலைகளையும் குளங்களையும் எழுதினார்கள். சிறுவர் விளையாட்டுகளைப் பற்றி எழுதியவர்களும் உண்டு. ஆனால் கிளித்தட்டு, கிட்டிப்புள்ளு, போளை என்று செல்லும் அந்தப் பட்டியல் மண்ணில் விளையாடப்பட்டவற்றோடு முடிந்துவிடுகிறது. மின்சாரத்தில் இயங்கிய விளையாட்டுப் பொருள்கள் அதற்குள் வருவதில்லை. அவை கடையில் வாங்கப்பட்டவை, வெளிநாட்டில் செய்யப்பட்டவை, ஆகவே நமது வரலாற்றோடு சம்பந்தமற்றவை என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். எனினும் எந்தப் பொருள் ஒரு ஊருக்கு வந்தது, எது வரவில்லை, ஏன் வரவில்லை என்பதும் அவ்வூரின் வரலாறுதான்.

இங்கே எழுதப்போவது அப்படியான ஒரு விளையாட்டைப் பற்றி. ஜப்பானின் நின்ரென்டோ நிறுவனம் 1986இல் தொடங்கிய 'மெற்றொயிட்' என்ற வரிசை அது. தூரக் கிரகம் ஒன்றின் நிலத்தடிக் குகைகளுக்குள் தனியே இறங்கும் ஒரு வீராங்கனையின் விஞ்ஞானக் கதை. படம் காகிதத்தில் வரைந்ததுபோலத் தட்டையானது. மேலே, கீழே, இடம், வலம் என்ற நான்கு திசைகள் மட்டுமே உண்டு. இவ்வரிசையின் முக்கியமான பாகங்கள் பல, கையில் வைத்து விளையாடும் சிறு கருவிகளுக்காகவே செய்யப்பட்டன. ஏறத்தாழ 40 ஆண்டுகளாக இது ஏன் இத்தனை பேரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டு போனால், யாழ்ப்பாணக் குடாநாட்டின் 1990களும் கூடவே வந்து நிற்கின்றன. இரண்டையும் தொடும் பொருள் ஒன்று உண்டு. அது பற்றறி.

சீட்டுக் கம்பனி

நின்ரென்டோ 1889இல் கியோத்தோ நகரில், பூப்படம் போட்ட சீட்டுகள் செய்யும் கம்பனியாகத் தொடங்கியது. 1965இல் குன்பெய் யொக்கோய் என்ற இளைஞர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். மின்னணுவியல் படித்தவர். சீட்டுச் செய்யும் இயந்திரங்களைப் பராமரிப்பதே அவருக்குத் தரப்பட்ட வேலை. ஓய்வு நேரத்தில் அவர் தனக்கென்று செய்துவைத்திருந்த, நீட்டிச் சுருக்கிப் பொருளைப் பற்றும் ஒரு விளையாட்டுக் கையை நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சி கண்டார். 1966இல் அது கடைக்கு வந்து பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. பராமரிப்பாளராக இருந்தவர் விளையாட்டுப் பொருள் வடிவமைப்பாளரானார்.

பின்னொரு நாள் ரயிலில் போகும்போது, களைத்துப்போன அலுவலர் ஒருவர் கணிப்பானின் பொத்தான்களை அழுத்தி அழுத்திப் பொழுதுபோக்குவதை யொக்கோய் கவனித்தார் என்று சொல்வார்கள். அக்காலத்தில் ஷார்ப், காசியோ போன்ற நிறுவனங்களின் போட்டியால் கணிப்பானின் திரையும் சில்லும் மலிந்துபோயிருந்தன. அந்த மலிந்த பாகங்களை வைத்தே 1980இல் 'கேம் அன்ட் வொட்ச்' என்ற சட்டைப்பை விளையாட்டுகள் வந்தன. 4 கோடிக்கு மேல் விற்ற அவ்வரிசை 1982இல் சிலுவை வடிவப் பொத்தானையும் உலகுக்குத் தந்தது. இன்றைக்கும் விளையாட்டுக் கருவிகளில் இடப்பக்கப் பெருவிரல் கிடக்கும் பொத்தான் அதுவே.

யொக்கோய் தமது வழியை 'வாடிய தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்தித்தல்' என்று பெயரிட்டு அழைத்தார். புதியதும் விலை கூடியதுமான தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடவேண்டியதில்லை. எல்லோரும் பழகி, மலிந்து, குறைநிறைகள் முழுதும் தெரிந்துவிட்ட ஒன்றை எடுத்து, இதுவரை யாரும் நினையாத வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். இந்த நோக்குத்தான் பிற்பாடு வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படையாயிற்று. ஒரே வெண்கட்டியால் கரும்பலகையில் இதயத்தின் நான்கு அறைகளையும் வரைந்து காட்டவேண்டிய நாட்டுப்புற ஆசிரியனுக்கு இது புதிய தத்துவமாகத் தோன்றாது.

நான்கு பற்றறி

1989 ஏப்ரல் மாதம் ஜப்பானில் 'கேம் போய்' வெளிவந்தது. குறுக்கே 160 புள்ளியும் நெடுக்கே 144 புள்ளியும் கொண்ட சிறு திரை. நிறம் கிடையாது, மங்கிய பச்சைப் பின்னணியில் நான்கு அளவான கருமை மட்டுமே. திரைக்குப் பின்னால் வெளிச்சமும் இல்லை. பகலிலோ விளக்கடியிலோ பிடித்துத்தான் பார்க்கவேண்டும். போட்டி நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. அதே 1989இல் அற்றாரி நிறுவனத்தின் 'லிங்ஸ்' வந்தது. 1990இல் சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' வந்தது. இரண்டும் வண்ணத் திரை, இரண்டிலும் உள்வெளிச்சம். இரண்டும் ஆறு பற்றறிகளைப் போட்டாலும் சில மணித்தியாலங்களில் தீர்த்துவிடும். கேம் போய்க்கு நான்கு சிறிய பற்றறிகள் போதும். பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். பெற்றோரின் கைக்காசும் பிள்ளையின் பொறுமையும் எதைத் தெரிந்தெடுக்கும் என்பதை யொக்கோய் சரியாகக் கணித்திருந்தார். பின்னர் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் அந்தக் கருவி விற்றது.

அது உறுதியான கருவியும்கூட. வளைகுடாப் போரின்போது தீயில் கருகி, மேலோடு உருகிப்போயும் வேலை செய்த ஒரு கேம் போய், நியூயோர்க்கிலுள்ள நின்ரென்டோ கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. 1993இல் ரஷ்ய விண்வெளி வீரர் ஒருவர் 'மிர்' விண்வெளி நிலையத்துக்குத் தம்மோடு ஒன்றைக் கொண்டுபோனார். போர்க்களத்துக்கும் விண்வெளிக்கும் போன அந்தக் கருவி, அதே ஆண்டுகளில் போகமுடியாத இடம் ஒன்று இருந்தது.

பற்றறி இல்லாத ஊர்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது. அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையின் பட்டியலில் எரிபொருள், உரம், சவர்க்காரம் முதலியவற்றோடு பற்றறியும் இருந்தது. ஒரு ரோச் லைற்றுக்குப் போடும் பற்றறியைக் கொண்டுவருவது குற்றமானது. தப்பித் தவறி வந்த ஒரு சோடியின் விலை, கூலிக்காரர் ஒருவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

அக்காலத்தைக் கண்டவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. காணாத இளையோருக்காகச் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டுச் செய்த விளக்கில் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். தமிழோசை தொடங்கும் நேரத்துக்குச் சிறுவர்கள் முறைவைத்துச் சுற்றவேண்டும். கை தளர்ந்தால் குரலும் தேய்ந்துபோகும், பெரியவர்கள் அதட்டுவார்கள். செத்த பற்றறிகளை ஒருவரும் எறிவதில்லை. வெயிலில் காயவைத்தால் இன்னும் சில நிமிடம் உயிர் வரும். அதுவும் முடிந்தால் சிறுவர்கள் உடைத்து உள்ளேயிருக்கும் கரிக்கோலை எடுத்து மதிலில் எழுதுவார்கள். எங்கள் கைக்கு வந்த மின்னணு விளையாட்டுப் பொருள் அந்தக் கரிக்கோல்தான். அதற்கு அடுத்தபடியாக ரவைக்கோதுகள். போளைக்குப் பதிலாக அவற்றை வைத்து விளையாடியும் மாற்றியும் இருக்கிறோம்.

அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அவர்களுள் சண்டிலிப்பாய் மக்களும் அடங்குவர். அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்குள் எங்களில் பலர் ஊர் திரும்பினோம். முன்னவர்களில் பெரும்பாலோர் திரும்புவதற்கு மிக நீண்ட காலம் சென்றது, பலர் திரும்பவேயில்லை. போனவர்கள் திரும்பி வருவது என்ற ஒன்றையே மையமாகக் கொண்ட ஒரு விளையாட்டைப் பற்றி எழுதும்போது, இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாகாது.

இடப்பக்கம் போகும் விளையாட்டு

இனி விளையாட்டுக்கு வருவோம். முதலாவது 'மெற்றொயிட்' 1986 ஓகஸ்டில் ஜப்பானில் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் கருவிக்காக வெளியானது. யொக்கோயின் பிரிவே அதைச் செய்தது. 1979இல் வந்த 'ஏலியன்' திரைப்படத்தின் பாதிப்பு அதில் வெளிப்படையானது. அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்து உலகெங்கும் பரவிய 'சுப்பர் மரியோ' விளையாட்டில் மரியோ எப்போதும் வலப்பக்கம் ஓடுவான். ஓடிக் கடந்த இடத்துக்கு அவன் திரும்ப வேண்டியதில்லை. மெற்றொயிட்டைத் தொடங்கும் பிள்ளையும் பழக்கத்தில் வலப்பக்கம் ஓடும். கொஞ்சத் தூரத்தில், தவழ்ந்தால் மட்டுமே நுழையக்கூடிய ஒரு சிறு துவாரம் வழிமறிக்கும். செய்வதற்கு ஒன்றுமில்லை. தொடங்கிய இடத்துக்கே திரும்பி இடப்பக்கம் போனால், உடலைப் பந்தாகச் சுருட்டும் ஆற்றல் அங்கே வைக்கப்பட்டிருக்கும். அதைப் பெற்றுக்கொண்டு மறுபடி வந்தால் அந்தத் துவாரம் வழியாகிவிடும்.

இவ்வகை விளையாட்டின் இலக்கணம் முழுவதும் இந்த முதலாவது நிமிடத்திலேயே இருக்கிறது. பூட்டிய கதவொன்றைக் காண்கிறோம், திறக்கமுடியாமல் மனத்தில் குறித்துக்கொண்டு போகிறோம், வேறெங்கோ ஒரு ஆற்றல் கிடைக்கிறது, அந்தக் கதவு நினைவுக்கு வருகிறது, திரும்புகிறோம். இடம் அப்படியே இருக்கிறது. மாறியிருப்பவர் நாம். முன்பு சுவராகத் தெரிந்தது இப்போது வாசலாகத் தெரிகிறது. மற்ற விளையாட்டுகள் விரலின் வேகத்தைச் சோதித்த காலத்தில் இது ஞாபகத்தைச் சோதித்தது.

அமெரிக்காவில் 1987இல் வந்த பதிப்பில் ஆட்டத்தைச் சேமிக்க வழியில்லை. நிறுத்தும்போது 24 எழுத்துகளும் எண்களும் கொண்ட குறிச்சொல் ஒன்று திரையில் வரும்; அதைப் பிழையில்லாமல் எழுதிவைக்கவேண்டும். இறுதியில், குறித்த நேரத்துக்குள் முடித்தால், இரும்புக் கவசத்துக்குள் இருந்த வீரர் சாமஸ் ஆரன் ஒரு பெண் என்று தெரியவரும். அக்காலத்தில் அது பெரிய வியப்பு. ஆனால் எவ்வளவு விரைவாக முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த உடையில் அவளைக் காட்டியது, பெண்ணைப் பரிசுப் பொருளாக்கிய குறை என்றே கருதவேண்டும். பிந்திய பாகங்கள் சிலவற்றிலும் அக்குறை ஒட்டிக்கொண்டு வந்தது.

எண்ணிக்கையும் குஞ்சும்

இரண்டாவது பாகம் கேம் போய்க்காகச் செய்யப்பட்டது. 'சாமஸின் மீள்வருகை' என்ற பொருள் தரும் தலைப்போடு 1991 நவம்பரில் அமெரிக்காவிலும், 1992 ஜனவரியில் ஜப்பானிலும் வெளிவந்தது. நிறமில்லாத சிறு திரை அதன் உருவத்தையே மாற்றிற்று. முதற் பாகத்தில் சாமஸின் கவசம் பலம் பெற்றால் நிறம் மாறும். இங்கே நிறம் கிடையாது. ஆகவே பலம் பெற்ற கவசத்துக்குப் பெரிய உருண்டையான தோள்களை வரைந்தார்கள். இன்று உலகம் முழுவதும் சாமஸின் அடையாளமாக அறியப்படும் அந்தத் தோள்கள் வறுமையிலிருந்து பிறந்தவை. உருவத்தைத் தெளிவாகக் காட்ட அவளைப் பெரிதாக வரைந்ததால், சுற்றியுள்ள குகை ஓரிரு முழத்துக்கு மட்டுமே தெரிகிறது. கைவிளக்கோடு இருட்டுக்குள் நடப்பது போன்ற அனுபவம் அதனால் வந்தது. இசைகூடப் பல இடங்களில் இசையாக இல்லை. நீர் சொட்டுவது போலவும் தொலைவில் ஏதோ அசைவது போலவும் விட்டுவிட்டு ஒலிக்கிறது.

இந்தப் பாகத்தில் வரைபடம் கிடையாது. ஆனால் குறிச்சொல்லை எழுதவேண்டிய தொல்லை நீங்கியிருந்தது. கசற்றுக்குள்ளே பொத்தான் அளவில் ஒரு பற்றறி வைத்து, எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை அதனால் நினைவில் வைத்திருக்கச் செய்தார்கள். கருவிக்கு நான்கு பற்றறி, ஞாபகத்துக்கு ஒன்று.

கதை இதுதான். மெற்றொயிட்டுகள் என்பவை பிற உயிர்களின் சக்தியை உறிஞ்சி வாழும் உயிரினம். அவை ஆபத்தானவை என்று முடிவு செய்த அரசு, அவற்றின் கிரகத்துக்கே போய் ஒன்றுவிடாமல் அழித்துவருமாறு சாமஸை அனுப்புகிறது. திரையின் மூலையில் ஓர் எண் தெரியும். அது 39இல் தொடங்குகிறது. ஒன்றைக் கொன்றால் 38. குறித்த தொகை முடிந்ததும் நிலம் அதிரும். கீழே தேங்கிநிற்கும் நச்சுத் திரவம் வடியும். இன்னும் ஆழத்துக்குப் பாதை திறக்கும். இப்படி இறங்கி இறங்கி, கடைசியில் தாயையும் கொன்ற பிறகு, முட்டையொன்று உடைந்து ஒரு குஞ்சு வெளிவருகிறது. கண்ட முதல் உயிரான சாமஸையே அது தாயென்று நம்பிப் பின்தொடர்கிறது. அவள் சுடவில்லை. வழியடைத்து நிற்கும் படிகங்களைக் குஞ்சு உறிஞ்சித் தள்ள, இருவரும் மேலே ஏறுகிறார்கள். அந்தக் கடைசிப் பாதையில் எதிரிகளே இல்லை. சுடுவதற்கு ஒன்றுமில்லாமல் நடந்து, கப்பலை அடைந்து, ஆட்டம் முடிகிறது.

ஓர் இனத்தை முற்றாக அழிக்கும் கட்டளையோடு தொடங்கி, அந்த இனத்தின் கடைசிக் குஞ்சைக் கூட்டிக்கொண்டு வெளியேறுவதில் முடிந்த விளையாட்டு அது. ஒரு வசனமும் பேசாமல் இதைச் செய்தது. இறந்தவர் தொகையை எல்லாத் தரப்பும் தத்தம் செய்திகளில் வெற்றியாக வாசித்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். திரையின் மூலையில் குறைந்துகொண்டே போகும் எண்ணின் பொருள் எங்களுக்கு விளங்காமல் போகாது.

2002

யொக்கோய் 1996இல் நின்ரென்டோவை விட்டு விலகினார். 1997 ஒக்டோபர் 4ஆம் திகதி வீதி விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 56. மெற்றொயிட்டின் மூன்றாவது பாகம் 1994இல் வீட்டுக் கருவிக்கு வந்திருந்தது. அதில் அந்தக் குஞ்சு சாமஸைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுத்தது. நான்காவது பாகம் மறுபடியும் கையடக்கக் கருவிக்கு, 'கேம் போய் அட்வான்ஸ்' என்ற புதிய கருவிக்கு, 2002 நவம்பரில் வெளியானது. 'மெற்றொயிட் பியூஷன்' என்று பெயர். யோஷியோ சகமோட்டோ இயக்கியது.

இங்கே 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. அந்த இடைவெளியில் புலம்பெயர்ந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்க வந்தார்கள். 2003 ஓகஸ்ட் விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து என் அக்காவின் மகன் வந்தான். பன்னிரண்டு வயது. நான் அப்போது ஆசிரிய கலாசாலையில் பயிற்சியில் இருந்தேன். பையனின் கையில் கேம் போய் அட்வான்ஸ். பையில் இரண்டு கசற். ஒன்று 'பியூஷன்'. மற்றது அவனுடைய தமையன் விளையாடி விட்ட, சாம்பல் நிறத்துப் பழைய 'மீள்வருகை'. புதிய கருவி பழைய கசற்றையும் ஏற்றுக்கொள்ளும்.

அந்தக் கருவிக்கு இரண்டு பற்றறி வேண்டும். மானிப்பாய்ச் சந்திக் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தந்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதே வயதில் நான் செத்த பற்றறியை உடைத்துக் கரி எடுத்தவன் என்று அவனுக்குச் சொன்னேன். "ஏன் மாமா, கடையில இல்லையோ?" என்று கேட்டான். அவனுக்கு விளங்கும்படி பதில் சொல்ல எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் சென்றது.

திண்ணையில் வெளிச்சம் பார்த்துச் சாய்ந்திருந்து அவன் விளையாடுவான். அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "உதென்ன, பங்கரோ?" என்று கேட்டார். மண்ணுக்குள்ளே ஒடுங்கிய பாதை, ஏணி, இருட்டு, மேலே ஏதோ அதிர்வு. அம்மா கேட்டதில் பிழையில்லை. பையனுக்கு அது சாகசம். அம்மாவுக்கு அது பின்வளவில் மூடிக் கிடந்த குழி.

பழைய கசற்றை விளையாடுவதற்கு அவன் ஒரு சதுரக் கொப்பி வைத்திருந்தான். ஒவ்வொரு குகையையும் கட்டம் கட்டமாக வரைந்து, திறக்காத கதவுகளுக்குச் சிவப்புப் புள்ளி இட்டிருந்தான். புதியதில் வரைபடம் உள்ளேயே உண்டு. அடுத்து எங்கே போகவேண்டும் என்று கப்பலின் கணினி கட்டளையிடும். எது நல்லது என்று கேட்டேன். "புதுசில அது சொல்லும் மாமா. பழசில நான்தான் தேடவேணும்" என்றான். எது நல்லது என்று அவன் சொல்லவில்லை. ஆனால் கொப்பியைக் கப்பற்பயணிபோலப் பத்திரமாக வைத்திருந்தான். வகுப்பறையில் நாம் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு இடத்தைக் கேட்கிறோம். இவன் இடத்தில் நடந்து வரைபடத்தை உண்டாக்கியிருந்தான். புவியியல் கற்பித்தல் பற்றிக் கலாசாலையில் கேட்ட விரிவுரைகள் பலவற்றை அந்தக் கொப்பி எனக்கு விளங்கப்படுத்திற்று.

'பியூஷன்' கதையையும் அவனிடமிருந்தே முதலில் அறிந்தேன். மெற்றொயிட்டுகள் அழிந்த கிரகத்துக்குச் சாமஸ் மீண்டும் போகிறாள். அங்கே எந்த உடலுக்குள்ளும் புகுந்து அதேபோல உருமாறும் ஒட்டுண்ணிகள் பெருகியிருக்கின்றன. அவற்றைத் தின்று கட்டுப்படுத்தி வைத்திருந்தவை மெற்றொயிட்டுகள்தான். அவள் அவற்றை அழித்ததால் இவை பெருகின. அவளையும் அவை தொற்றுகின்றன. அவளைப் பிழைக்க வைப்பது, அன்று சுடாமல் விட்ட அந்தக் குஞ்சின் கலங்களிலிருந்து செய்த மருந்து. அவளுடைய பழைய கவசத்தின் முழு வலிமையோடும் அவளது உருவத்திலேயே ஒரு பிரதி உருவாகி அவளைத் துரத்துகிறது. அவள் ஒளிந்து ஒளிந்து தப்பவேண்டும்.

1991இல் குறைந்துகொண்டே போன அந்த எண்ணுக்கு 2002இல் கணக்குக் கேட்கப்பட்டது. இடையில் 11 ஆண்டுகள். விற்பனைக்காகச் செய்யப்படும் ஒரு பொருள், தனது பழைய வெற்றியையே குற்றமாகத் திருப்பிப் பார்ப்பது அபூர்வம்.

பின்னர்

மிகுதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2004இல் முதற் பாகத்தைப் புதுக்கிய 'சீரோ மிஷன்' வந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது. விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும் நின்றார்கள். கையடக்கக் கருவிகளில் இந்த வரிசையும் நெடுங்காலம் மௌனமாயிற்று. ஆனால் விளையாடியவர்கள் அதை விடவில்லை. ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த ஒரு ரசிகர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து, 'மீள்வருகை'யை வண்ணத்திலும் வரைபடத்தோடும் மறுபடி செய்து 2016 ஓகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். சில நாட்களில் நின்ரென்டோவின் உரிமைக் கோரிக்கையால் அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நிறுவனமே தனது மறுவாக்கத்தை வெளியிட்டது. ஐந்தாவது பாகமான 'மெற்றொயிட் டிரெட்' 2021 ஒக்டோபரில் வந்தது. பியூஷனுக்கும் அதற்கும் 19 ஆண்டு இடைவெளி. அந்தப் பாகத்தில், மெற்றொயிட்டுகளை அழிக்கப் புறப்பட்டவளே உடலால் ஒரு மெற்றொயிட்டாக மாறுகிறாள். அழிக்கப்பட்ட இனத்தின் எச்சம், அழித்தவளின் இரத்தத்தில்.

இன்றைய மாணவர்களின் கையில் தொலைபேசி இருக்கிறது. அதில் 2017, 2018இல் வந்த 'பிறீ ஃபயர்', 'பப்ஜி' போன்ற விளையாட்டுகள் ஓடுகின்றன. அவற்றை ஒட்டுமொத்தமாகப் பழிக்க நான் வரவில்லை. நண்பர்களோடு சேர்ந்து விளையாடும் இன்பம் அவற்றில் உண்டு. ஆனால் அவற்றில் இடத்துக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் மைதானம் புதிதாகத் தொடங்கும். யார் எங்கே விழுந்தார் என்ற தடயம் அடுத்த ஆட்டத்தில் இராது. மெற்றொயிட்டில் ஒருமுறை உடைத்த கதவை உடைத்ததாகவே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. செய்ததன் விளைவோடு திரும்பி வந்து நடக்கவேண்டும். அதன் கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. வேகமோ வண்ணமோ அதற்குக் காரணமென்றால் நான்கு சாம்பல் நிறங்கள் கொண்ட ஒரு கசற்றைப் பத்தாண்டு உழைத்து மறுபடி செய்ய ஒருவர் முன்வந்திருக்கமாட்டார்.

2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, தொலைபேசியில் சார்ஜ் இல்லாமல் மாணவர்கள் தவித்தார்கள். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட கதையை வகுப்பில் சொன்னேன். முதன்முறையாக அவர்கள் அதை நம்பினார்கள்.

போர்க்காலத்துச் சிறுவர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அவர்கள் இழந்த பாடசாலை இருக்கிறது, இழந்த உறவுகள் இருக்கின்றன, இழந்த உயிர்களின் தொகை இருக்கிறது. அவர்கள் என்ன விளையாடினார்கள் என்பது மிகக் குறைவாகவே இருக்கிறது. 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளத்துக்குப் போன ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று நாற்பத்தைந்து வயதளவில் இருக்கும். அந்தப் பிள்ளை எந்த விளையாட்டுப் பொருளை வீட்டில் விட்டுப்போனது, முகாமில் எதைக்கொண்டு விளையாடியது, பின்னொரு நாள் சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்து நின்றபோது எந்தக் கதவை அடையாளம் கண்டது என்பதை வெளியிலிருந்து என்போன்ற ஒருவர் எழுதமுடியாது. இச்சஞ்சிகையின் வாசகர்களுக்குள் அதை எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஞாபகம் தேய்வதற்கு முன் அவர்கள் எழுதவேண்டும். பழைய கசற்றுகளுக்குள் இருந்த பொத்தான் பற்றறிகள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. அவற்றில் சேமித்திருந்த ஆட்டங்களும் அவற்றோடு போய்விட்டன.